சொல்லிக் கேட்காத தசைகள்

டிசம்பர் 4

காலையில் கல்லூரிக் கழிப்பறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். இரண்டு கோடு. அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையின் அடியில் திணித்துவிட்டு, முதலாமாண்டு நர்சிங் பிள்ளைகளுக்கு இதயத்தசைப் பாடம் தொடங்கப் போனேன்.

பாடம் நன்றாகவே போனது. கையை மடக்கு என்றால் மடங்கும், காலை நீட்டு என்றால் நீளும். ஆனால் இதயம், குடல், கருப்பை இவற்றின் தசைகள் நாம் சொல்லிக் கேட்பதில்லை என்று ஆரம்பித்தேன். இதயத்தசையின் செல்கள் ஒன்றோடு ஒன்று விளிம்பு கோத்து நிற்கின்றன. ஒன்று துடித்தால் எல்லாம் துடிக்கும். பாதித் தசை வேலை செய்ய, பாதி சும்மா இருக்கிற பேச்சே அங்கே கிடையாது. எழுதி எழுதிக் கை முழுக்கச் சாக்பீஸ் தூள்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. மழைக்காலம், மின்வாரியத்தில் ஓயாத வேலை. வந்தார், குளித்தார், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார், தூங்கிவிட்டார். சொல்ல நேரம் வரட்டும்.

மாவு புளித்துவிட்டது. நாளைக்கு ஊத்தப்பம்தான்.

டிசம்பர் 6

முந்தாநாள் டைரியைத் தொட்டது மூன்று வருடத்துக்குப் பிறகு. அதற்கு முன் எழுதியது பாப்பா பிறந்த வாரத்தில். அவள் ஏழு மாதத்தில் வந்தாள், இரண்டு நாள் இருந்தாள்.

பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இதயத்தசை தளர்ந்து, இதயம் பலூன் போல உப்பிவிடும். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதுவரை பாடத்தில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துபோய்க்கொண்டிருந்தேன். இதயத்தின் அறையில் இருக்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போக வேண்டும். எனக்குக் கால் பங்குதான் போனது. பிறகு மாத்திரைகளால் தேறியது. இப்போது ஏறக்குறையப் பாதி. பாதி என்றால் நல்ல இதயத்துக்குப் பக்கம்தான்.

அன்று எனக்கு இதய வைத்தியம் பார்த்த ஹமீதா டாக்டர் இவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொன்னு வேண்டாம். தத்து எடுங்க, நாய் வளங்க, என்ன வேணா செய்யுங்க. இது மட்டும் வேண்டாம்." டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கருத்தடைக்குப் போட்டிருந்த காப்பர் டி-யை ஆவணியில் எடுத்துவிட்டேன். அடிவயிற்றில் வலி இருந்தது. "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று அதை எடுத்த நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள். தெரியும் என்றேன். வலி இருந்தது உண்மை.

டிசம்பர் 9

தினமும் காலையில் இவர் ஒரு சிறு கிண்ணத்தில் என் மாத்திரைகளைப் போட்டு, பக்கத்தில் வெந்நீர் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். மூன்று வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அதில் ஒரு மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை நிறுத்திவிட்டேன். நாக்கின் அடியில் ஒதுக்கிக்கொண்டு, இவர் பைக்கை எடுத்ததும் வாஷ்பேசினில் துப்பிவிடுகிறேன். கசப்பு மட்டும் மத்தியானம் வரை இருக்கிறது.

மற்றதை விழுங்குகிறேன். ஆகவே சிகிச்சையை விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது.

டிசம்பர் 19

பெனிட்டா என்றொரு பிள்ளை. ஊர் உவரிப் பக்கம். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். "மேம், ஹார்ட்டுக்கு மட்டும் ரெஸ்டே கிடையாதா?"

உண்டு என்றேன். ஒரு துடிப்பு முடிகிற வரை அந்தத் தசை அடுத்த தூண்டலைக் காதில் போட்டுக்கொள்ளாது. அதுதான் அதற்கு ஓய்வு, அதுதான் அதற்குப் பாதுகாப்பும். கெண்டைக்காலில் பிடிப்பது போல இதயம் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் ஆள் மிஞ்ச மாட்டான்.

பிறகு இன்னொன்று சொன்னேன். இதயத்துக்குள் எவ்வளவு ரத்தம் நிரம்பி, தசை எவ்வளவு இழுபடுகிறதோ, அவ்வளவு வலுவாக அது சுருங்கும். சுமை கூடினால் யாரும் சொல்லாமலே வேலையைக் கூட்டிக்கொள்ளும். இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். இந்த வருடம் சொல்லும்போது எனக்கே பெரிய ஆறுதலாக இருந்தது.

"எவ்வளவு வரைக்கும் மேம் இழுக்கலாம்?"

"ஓரளவு வரைக்கும்."

"அதுக்கு மேல?"

மணி அடித்துவிட்டது.

ஜனவரி 3

நாலு தடவை வாந்தி. கேஸ் டிரபிள் என்று இவர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்.

ஜனவரி 16

பொங்கலுக்குக் களக்காட்டில் அத்தை வீட்டுக்குப் போய் வந்தோம். எழுதிவிட வேண்டும்.

பொங்கல் பானையை இறக்கும்போது அந்த ஆவி முகத்தில் பட்டு, புழக்கடைக்கு ஓடினேன். அத்தை பின்னாலேயே வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி வல்லி. எத்தன மாசம்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. என் இதயத்தைப் பற்றி அத்தைக்கு ஒன்றும் தெரியாது. பாப்பா போனபோது, "ஒடம்பு பலகீனம், கொஞ்ச வருசம் போகட்டும்" என்று மட்டும் இவர் சொல்லி வைத்திருந்தார். என்னை யாரும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிடக் கூடாதென்று அப்படிச் சொன்னார்.

நான் தடுப்பதற்குள் அத்தை முற்றத்துக்குப் போய்விட்டாள். "ஏலே ராசு, கமுக்கமா இருந்திட்டியே! பெத்தவகிட்ட சொல்லக் கூடாதாலே?"

இவர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். லைன் மேலே ஒருவன் தொங்கிக்கொண்டிருக்கையில் கீழே யாரோ கரண்டைப் போட்டுவிட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி. பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பைக்கில் வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் கேட்டார்:

"காப்பர் டி?"

"எடுத்துட்டேன். வலிச்சிது."

"எப்பம்?"

"ஆவணில."

"மாத்திர?"

நான் வாஷ்பேசினைப் பார்த்தேன். இவர் சமையலறைக்குப் போய் அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இனிமே நீயே போட்டுக்கோ" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஜனவரி 18

பேசவில்லை. ஆனால் காலையில் வெந்நீர் இருந்தது.

ஜனவரி 22

எக்கோ எடுத்தார்கள். ஹமீதா டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. முப்பத்தெட்டு சதவீதம். போன வருடம் நாற்பத்தாறு.

"செண்பகவல்லி, நீங்க மத்தவங்களுக்கு இதைப் பாடம் எடுக்குறவங்க. உங்களுக்கு நான் என்ன சொல்றது? இப்பவே கலைச்சா சுலபம். போகப் போக ரத்தம் கூடும். ஏழாம் மாசத்துல பாதிப் பங்கு கூடுதலா ஓடும். இந்த இதயம் அதைத் தள்ளாது."

"ரெண்டாவது தடவ நல்லா இருந்தவங்களும் இருக்காங்கல்ல மேம்?"

"முழுசாத் தேறினவங்கள்ல சில பேர். நீங்க முழுசாத் தேறல."

"முப்பத்தெட்டுல நிக்கலாமில்ல."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நிக்காது."

இவர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, வெளியே யாரோ வண்டியைத் திருப்புவதை ஏதோ முக்கியமான காரியம் போலக் கவனித்துக்கொண்டிருந்தார். வாரம் ஒரு முறை வந்து காட்டுகிறேன், உப்பைக் குறைக்கிறேன், ஓய்வு எடுக்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வாக்கு எனக்கு எதுக்கும்மா?" என்றார்.

வரும் வழியில் மார்க்கெட்டில் முருங்கைக்காய் மலிவு. வாங்கினோம்.

பிப்ரவரி 5

மென்தசைப் பாடம். எனக்கு எப்போதும் பிடித்த பாடம் இதுதான். இதில் வரி கிடையாது, அவசரம் கிடையாது. சுருங்கியபடியே பூட்டிக்கொண்டு, சக்தியை அதிகம் செலவழிக்காமல் நெடுநேரம் தாங்கி நிற்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் இது இருப்பதால்தான் நாம் எழுந்து நின்றவுடன் மயங்கி விழுவதில்லை. கருப்பையில் இருப்பதும் இதுதான். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் உறுப்பு, ஒரு குழந்தைக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு வளர்கிறது. செல் ஒவ்வொன்றும் பல மடங்கு நீளும். இதயத்தால் அது முடியாது. இதயத்தில் செத்த செல்லுக்குப் பதில் இன்னொன்று வருவதில்லை.

கருப்பையை ஒரு ஹார்மோன் தூங்க வைத்திருக்கிறது. ஒரு செல் அசைந்தாலும் பக்கத்துச் செல்லுக்குத் தெரியாது. கடைசி நாட்களில்தான் செல்களுக்கு நடுவே வாசல்கள் திறக்கும். அப்போது முழுக் கருப்பையும் இதயம் மாதிரி ஒன்றுபட்டுச் சுருங்கும்.

நாற்காலி போட்டு உட்கார்ந்தே எடுத்தேன். மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தரச் சொல்லிப் பிரின்சிபாலிடம் கேட்டிருக்கிறேன். மேலே உள்ள ப்ரொஜெக்டர் சரியில்லை.

பிப்ரவரி 12

புதிதாக இரண்டு தலையணை வாங்கினோம். பழையது தட்டையாகிவிட்டது. மூன்றையும் அடுக்கிச் சாய்ந்துகொண்டால் வசதியாக இருக்கிறது.

பிப்ரவரி 14

செருப்பு இறுக்குகிறது. வெயில் ஆரம்பித்துவிட்டதால் கால் வீங்குகிறது. எல்லோருக்கும் அப்படித்தான்.

பிப்ரவரி 25

ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். உள்ளே ஒரு மீன் திரும்பியது மாதிரி. வாயு என்று நினைத்தேன். மறுபடியும் திரும்பியது. வாயு இல்லை.

நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம். பக்கத்தில் இவர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். பொங்கலிலிருந்து என் வயிற்றுப் பக்கம் இவர் பார்ப்பதேயில்லை. சோறு போடுகிறார், துணி துவைக்கிறார், கால் பிடித்துவிடுகிறார், வயிற்றை மட்டும் பார்ப்பதில்லை.

"ஏங்க, அசையிது."

செய்தித்தாள் அப்படியே இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை வந்து என் சேலைக்கு மேல் அமர்ந்தது. கனமில்லாத கை. எடுக்கவேயில்லை. நான் தூங்குவது போலவே கிடந்தேன். இவர் அழுவது கட்டிலின் அதிர்வில் தெரிந்தது.

மூன்று வருடத்தில் இவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மார்ச் 2

இருமல் விடவில்லை. சாக்பீஸ் தூளால்தான்.

மார்ச் 5

அத்தை களக்காட்டிலிருந்து வந்திருக்கிறாள். ஒரு பை நிறைய உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி. உளுந்தங்களி கிண்டி ஊட்டினாள். பாதிதான் இறங்கியது.

இரண்டு நாளாக என்னைக் கவனித்துக்கொண்டே இருக்கிறாள். குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து நான் மூச்சை ஒழுங்கு செய்வதை, ஒரு வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குவதை, உட்கார்ந்தே தூங்குவதை. காலையில் என் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. அந்தக் குழியைப் பார்த்தபடியே, "ராசு, இங்கன வா" என்று கூப்பிட்டாள்.

இருவரும் வெளியே போய்ப் பேசினார்கள். இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. ஏனென்றால் ஓர் அடி விழுந்த சத்தம் கேட்டது. இத்தனை வயது மகனை அடித்திருக்கிறாள்.

உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேரம் பேத்தி ஒண்ணும் வேண்டாம்ட்டி. நீ படுத்துத் தூங்குனாப் போதும்."

"அத்த, இப்பம் அசையிது அத்த."

"தெரியும். நானும் பெத்தவதான்." என் இரண்டு பாதங்களையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "சொன்னதக் கேளு தாயி. நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போவோம். பாவமெல்லாம் என் தலையில போட்டும்."

அவள்தான் என் பக்கம் நிற்பாள் என்று நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு மாடல் தேர்வு இருக்கிறது.

மார்ச் 13

இருதய வார்டு. நர்ஸிடம் பென்சில் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் விழுந்தேனாம். வாயில் இளஞ்சிவப்பாக நுரை வந்ததாம். பெனிட்டாதான் என்னைத் தூக்கி நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தாளாம். மற்றவர்கள் படுக்க வைக்கப் பார்த்தபோது, "படுக்க வச்சா மேம் செத்துருவாங்க" என்று கத்தினாளாம். பாடத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

இதயம் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலுக்குள் நீராகக் கசிகிறது. கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போல. பாடத்தில் இதற்கு ஒரு படம் உண்டு, அம்புக்குறிகளோடு. அந்தப் படத்தில் ஆளுக்கு முகம் கிடையாது.

இருபத்திரண்டு சதவீதம்.

ஹமீதா டாக்டரும் இன்னொரு மகப்பேறு டாக்டரும் வந்தார்கள். இப்படியே விட்டால் குழந்தை பிழைக்கும் மாதம் வரை நான் தாங்க மாட்டேன், ஆகவே இரண்டு பேரும் இல்லை என்று சொன்னார்கள். ஹமீதா டாக்டர் என் காதருகே குனிந்து கேட்டாராம், நான் தலையாட்டினேனாம். இவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, அதன் கனத்தில் தலை தானாக ஆடியிருக்கும்.

மார்ச் 15

முடிந்துவிட்டது.

மாத்திரை வைத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த தசையை எழுப்பும் மாத்திரை. மத்தியானம் வரை ஒன்றுமில்லை. பிறகு அது எழுந்துகொண்டது. இதயம் இருபத்திரண்டில் கிடந்து தள்ளாடிக்கொண்டிருக்க, கீழே கருப்பை தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது. சுருங்கியது, விட்டது, சுருங்கியது, விட்டது. இன்னும் வேண்டாம், இன்னும் வேண்டாம் என்று நான் அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். மானிட்டரைப் பார்த்தபடி நின்ற நர்ஸ், யாரிடம் பேசுகிறேன் என்று குனிந்து கேட்டாள்.

காட்டவா என்று என்னிடம் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை தன் பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். அதில் வாங்கிக்கொண்டு போனாள். இவரும் கூடப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 18

பால் வந்துவிட்டது.

இருபது வாரம்கூட ஆகாத பிள்ளைக்கு. காலையில் விழித்தபோது ஜாக்கெட் ஈரம். வியர்வை என்று நினைத்தேன். கீழ்த் தளத்தில் பிரசவ வார்டு. ஜன்னல் வழியாக ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் மேலே வருகிறது. ஒவ்வொரு அழுகைக்கும் மார்பு கனத்து, சுரீரென்று இறங்குகிறது. பால் சுரப்பிகளைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சிறு தசைச் செல்கள் கூடை போலப் பின்னியிருக்கின்றன. குழந்தை அழுதால் மூளை ஆணையிடும், அவை பிழியும். யார் பெற்ற குழந்தை என்று அவை பார்ப்பதில்லை.

ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்திய பிறகும் கேட்டது. உண்மையில் கேட்டதா, தெரியவில்லை.

பால் நிற்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதயத்துக்கும் அது நல்லது என்று ஹமீதா டாக்டர் சொன்னார். எது எனக்கு நல்லதோ அதெல்லாம் இந்த மாதிரித்தான் இருக்கிறது.

மார்ச் 21

இன்று எழுத ஒன்றுமில்லை. இட்லி.

ஏப்ரல் 2

வீட்டுக்கு வந்தாயிற்று. அத்தை சமைக்கிறாள். உப்பில்லாத ரசம், உப்பில்லாத கீரை. தனக்கும் உப்பில்லாமலே சாப்பிடுகிறாள். கேட்டால், "ஒரே சட்டிதான" என்கிறாள்.

அலமாரியின் அடித்தட்டில் ஒரு கடைப் பை இருந்தது. அதற்குள் மஞ்சள் நிறத்தில் சின்னச் சட்டை, மடிப்புக் கலையாமல். நான் வாங்கியதில்லை. பில்லில் பிப்ரவரி இருபத்தாறு. அந்த ஞாயிற்றுக்கு மறுநாள். இவர் தனியாகக் கடைக்குப் போய், எந்த அளவு என்று விசாரித்து வாங்கியிருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9

மார்ச் பதின்மூன்றாம் தேதி எழுதியது சரியில்லை. தலையாட்டியது நினைவிருக்கிறது. டாக்டர் கேட்டது முழுதாகக் கேட்டது. வயிற்றுக்குள் அது அசைந்ததும் தெரிந்தது. எனக்கு மூச்சு வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

இரண்டு தடவை தலையாட்டினேன்.

ஏப்ரல் 22

எக்கோ. முப்பத்தொன்று. ஹமீதா டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "மாத்திரை ஒழுங்காப் போட்டா இன்னும் ஏறும். உங்க மசில் நல்லா ரெஸ்பாண்ட் பண்ணுது." இவர் வராந்தாவில் போய் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பெனிட்டாவும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். எதுவும் கேட்கவில்லை. பெனிட்டா எல்லாம் கேட்கிற பெண். இன்று என் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது மட்டும், "சீக்கிரம் வாங்க மேம். புதுசா வந்தவங்க புக்க வாசிச்சிட்டுப் போயிருதாங்க" என்றாள்.

முப்பத்தொன்று. போன தடவை கால் பங்கிலிருந்து நாற்பத்தாறுக்கு ஏற இரண்டு வருடம் பிடித்தது. இந்தத் தடவை தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக இருந்தால் ஐம்பதைத் தாண்டலாம். ஐம்பத்தைந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எனக்கு அப்போது முப்பத்தாறு நடக்கும். முப்பத்தாறு ஒரு பெரிய வயது இல்லை.

சும்மா எழுதிப் பார்த்தேன்.

மே 7

அத்தை நேற்று ஊருக்குப் போனாள். இன்று இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு சோலியாக வெளியே போவதாகச் சொல்லிப் போனார். மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பைக்கில் போனவர் ஏன் ஆட்டோவில் வருகிறார் என்று வாசலுக்கு வந்தேன். கால்களை அகட்டி, ஒவ்வொரு படியாக மெதுவாக ஏறினார். கையில் மருந்துக் கடைப் பை.

"என்னாச்சு? கம்பத்துல இருந்து விழுந்தியளா?"

"இல்ல." கட்டிலில் பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தார். "ஆசுபத்திரிக்குப் போயிட்டு வாரேன். சின்ன ஆப்பரேசன். ரெண்டு நாளு வெயிட்டு தூக்கக் கூடாதாம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. குடும்பக் கட்டுப்பாடு. புரிந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"நீ எங்கிட்ட கேட்டியா?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். பிறகு இவரே, "மூணு வருசத்துக்கு முன்னாலேயே செஞ்சிருக்கணும். ஒரு நாளு மருந்து வந்துரும், எல்லாம் சரியாப் போயிரும், அப்பம் பெத்துக்கிடலாம்னு மனசுல கெடந்துச்சு. எனக்கும் ஆசதான் வல்லி. ஒனக்கு மட்டுமா?" என்றார்.

"இப்பம்தான் ஏறிக்கிட்டு வருது. முப்பத்தொண்ணு…"

"அதுக்குத்தான்." என்னை நேராகப் பார்த்தார். "அது ஏற ஏற நீ கணக்குப் போடுவ. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

டைரியை இவர் தொட மாட்டார். படித்திருக்கவே முடியாது. ஹமீதா டாக்டர் முப்பத்தொன்று என்று சொன்னபோது என் முகத்தில் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். வலித்தது தெரிந்தது.

அழுகை வந்தது. அழுதால் இன்னும் எனக்கு மூச்சு இரைக்கிறது. கொஞ்சம் அழுதேன், நிறுத்தினேன், மூச்சு வந்ததும் மறுபடியும் அழுதேன். ஒவ்வொரு தடவையும் இவர் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.